செம்புத் தகட்டில் ஒரு கோயில்

ஓர்மஸ்த் துணை

இஸ்பஹான், கப்ராபாத்
ஆர்திபெஹேஷ்த் மாதத் தொடக்கம்

அன்புள்ள அக்கா கோஹருக்கு,

தம்பி மர்ஸ்பானின் வணக்கம். இங்கே நானும் கிஷ்வரும் குழந்தை லாலும் சுகம். சித்தப்பாவுக்கு மட்டும் முழங்கால் வலி. நெருப்பறைக்குள் உட்கார்ந்திருக்கும்போது வலிப்பதில்லையாம், வெளியே வந்தால்தான் வலிக்கிறதாம். அதனால் சாப்பாட்டுக்கு நாலு தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது. அங்கே அத்தான் சௌக்கியமா? உன் இருமல் விட்டதா? ஷரீபாபாத் மாதுளை இந்த வருஷம் எப்படி?

ஒரு சின்ன விஷயம். எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். நான் வேலை பார்க்கும் அரண்மனைத் தோட்டங்களுக்கு மேலதிகாரி மிர்சா ரபீயை உனக்குத் தெரியும், நான் முன்பே எழுதியிருக்கிறேன். போன வாரம் ஒல்லாந்தர் கம்பெனி ஆள் ஒருவன் அவருக்கு ஒரு பெரிய புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்தான். பரங்கி நாட்டில் அச்சடித்தது. நம் தேசத்தைப் பற்றியதாம், பக்கத்துக்குப் பக்கம் படம். நான் ரோஜாவுக்குக் கிளை கழித்துக்கொண்டிருந்தேன். கத்தியோடு அப்படியே கூப்பிட்டுவிட்டார்.

பிரித்து வைத்த பக்கத்தில் ஒரு கோயில். எவ்வளவு பெரியது தெரியுமா! வானத்தை முட்டும் தூண்கள், மேலே குவிமாடம், நடுவில் ஒரு மேடை, அதன் மேல் ஆள் உயரத்துக்குத் தீ. சுற்றிலும் நீள அங்கி போட்டவர்கள் விழுந்து கும்பிடுகிறார்கள். மேலே சூரியனுக்கு, வரைந்தவன் மூக்கும் முழியும் வைத்திருக்கிறான். ஆர்மீனிய துபாஷி அடியில் இருந்ததைப் படித்துச் சொன்னான்: இஸ்பஹான் கப்ர்களின் நெருப்புக் கோயில். கப்ர் என்றால் நாம்தான், வேறு யார்.

மிர்சா என்னைப் பார்த்து, "இது உங்க கோயில்தானேடா?" என்றார்.

நான் பார்த்தேன். எனக்குச் சிரிப்புதான் வந்தது. "இப்படி இல்லீங்க, எசமான்" என்றேன்.

அவரும் சிரித்தார். புத்தகத்தை மூடிவிட்டு, போய் வேலையைப் பார் என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பாதி வழியில்தான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஒன்றும் ஆகாது. நீ கவலைப்படாதே. கிஷ்வருக்கு இன்னும் சொல்லவில்லை.

உன் பிரியமுள்ள தம்பி,
மர்ஸ்பான்


ஓர்மஸ்த் துணை

ஷரீபாபாத்
ஆர்திபெஹேஷ்த் மாதக் கடைசி

என் புத்திசாலித் தம்பிக்கு,

அக்காவின் ஆசி. அத்தான் நலம். என் இருமல் நின்றிருந்தது, உன் கடிதத்தைப் படித்ததும் திரும்ப வந்துவிட்டது. மாதுளை நன்றாகக் காய்த்தது, கழுதைக்காரர் இஸ்பந்தியாரிடம் ஒரு கூடை கொடுத்தனுப்பியிருக்கிறேன். வழியில் அவர் தின்றது போக மிச்சம் உனக்கு.

முதலில் ஒன்று. கடிதத்தில் சித்தப்பா உட்காரும் அறைக்கு அந்த வார்த்தையைப் பட்டவர்த்தனமாகப் போட்டு எழுதியிருக்கிறாயே, உனக்கு மூளை இருக்கிறதா? நாலு கை மாறி வருகிற காகிதம். இனிமேல் பெரியவர் என்று எழுது. சித்தப்பா பெரியவருக்குப் பணிவிடை செய்கிறார், பெரியவர் சுகமாக இருக்கிறார், இப்படி.

இரண்டாவது. "இப்படி இல்லை" என்றாயாம்! அப்படியானால் வேறு எப்படியோ ஒன்று இருக்கிறது என்று நீயே அவன் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டாய். இல்லவே இல்லை என்று நீ பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நம் ஜனத்தில் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாமே? ரோஜாவைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாமே? சின்ன வயசிலிருந்தே யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்லாமல் உனக்கு இருக்க முடியாது.

அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் கல்யாணத்துக்கு முந்தின குளிர்காலம் நம் மாடியில் ஒரு பரங்கிக்காரன் தங்கியிருந்தானே, அவன்தான். நல்ல மனுஷன், நம் ஆட்டைக்கூட உட்கார்ந்து வரைந்தான். பின்கட்டுக்குள் வர ஆசைப்பட்டான், விடவில்லை. அப்போது சித்தப்பாவிடம், "உள்ள என்னதான் இருக்கு, சொல்லுங்க" என்று கேட்டான். சித்தப்பா, "ஒரு அறை, ஒரு பெரியவர், அவ்வளவுதான்ப்பா" என்றார், அந்த வார்த்தையைச் சொல்லியேதான். அவன் நம்பவில்லை. இவ்வளவு பழைய ஜனத்துக்கு ஒரு மண்ணறைதானா இருக்கும், கிழவர் மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டான். அவன் முகத்திலேயே அது தெரிந்தது.

மிர்சா மறுபடி கூப்பிட்டானா? உடனே எழுது.

கோஹர்


ஓர்மஸ்த் துணை

இஸ்பஹான்
கோர்தாத் மாத நடு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டு ஆரம்பிக்கிறேன், மேலே படிக்க உனக்குத் தெம்பு வேண்டும். மாதுளை வந்தது. லால் வாயெல்லாம் சிவப்பாகத் திரிகிறாள்.

மிர்சா மறுபடி கூப்பிட்டார். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் அந்தப் படத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் பேச்சு. நானும் இப்போது அதை நன்றாகப் பார்த்துவிட்டேன். நீ சொன்னது சரி, அவன்தான். அவன் மாடியில் வரைந்த தாள்களை அன்றைக்கு எனக்கும் காட்டியிருக்கிறான். ஒரு தாளில் ஷிராஸ் பாதையில் கிடக்கும், நாற்பது தூண் என்கிற பழைய இடிபாடு. இன்னொன்றில் சதுக்கத்துப் பெரிய மசூதியின் குவிமாடம். மற்றொன்றில் வாயில் வெள்ளைத்துணி கட்டிய நம் சித்தப்பா. ஊருக்குப் போய் யாரோ ஒரு செதுக்குகிறவன் கையில் அதையெல்லாம் கொடுத்திருப்பான். அவன் மூன்றையும் ஒட்டுப்போட்டு ஒரே கோயிலாகக் கட்டிவிட்டான். கூட்டத்தில் எல்லோருக்கும் சித்தப்பா முகமே இருக்கிறது அக்கா. பத்து இருபது சித்தப்பா விழுந்து கும்பிடுகிறார்கள். வேறு சமயமாக இருந்தால் அவரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

நான் மிர்சாவிடம் உள்ளதைச் சொன்னேன். "எசமான், இப்படி ஒரு கட்டடம் இஸ்பஹான்ல எங்கயுமே கிடையாதுங்க."

"ஏண்டா, அவன் செம்புத் தகட்டுல வெட்டி அச்சடிச்சிருக்கான். ஒண்ணு ரெண்டு இல்ல, நூத்துக்கணக்குல. ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் போட்டிருக்கான் பாரு. பார்க்காமலா போட்டான்? அவனுக்கு எங்கிட்ட என்ன பயம், பொய் சொல்ல? உனக்குத்தான் பயம்."

"பயம்தான் எசமான். ஆனா பொய் இல்லீங்க."

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்டா. அன்னைக்கு இல்லைன்னு சொல்லாம 'இப்படி இல்லை'ன்னியே, அதனாலதான் கேக்கறேன். எங்க இருக்கு?"

நீ சொன்னபடி ரோஜாவைப் பார்த்தேன். இப்போது ரோஜாவில் இலைகூட இல்லை.

வசந்தத்தில் அரண்மனைப் புத்தாண்டு முடிந்ததும் அவருக்கு ஷிராஸில் பெரிய உத்தியோகம். அதற்கு முன்னால் இந்தக் கோயிலைப் பிடித்து மசூதியாக்கி, ஷாவின் காதில் போட்டுவிட வேண்டும். புத்தாண்டுக்குள் நான் காட்டாவிட்டால் நம் பேட்டையில் வீடு வீடாகச் சிப்பாய் வருவான். கிழவர்களிடமிருந்து ஆரம்பிப்பார்களாம்.

படம் பொய் என்று காட்ட ஒரே வழிதான் இருக்கிறது. நிஜத்தைக் காட்ட வேண்டும். நம் குட்டை வாசலில் குனிந்து, கம்பளி மூட்டைகளைத் தாண்டி, பெரியவர் இருக்கும் அறைக்கு அவரைக் கூட்டிப் போக வேண்டும். அது நடக்காது. எத்தனை தலைமுறையாக அணையாதவர், என் வாயால் அணையக் கூடாது.

பெரியவரை அங்கே அனுப்பலாமா என்று அத்தானைக் கேட்டு எழுது. கிஷ்வருக்கும் லாலுக்கும் சித்தப்பாவுக்கும் படுக்க ஓர் இடம் இருந்தால் போதும்.

மர்ஸ்பான்


ஓர்மஸ்த் துணை

ஷரீபாபாத்
கோர்தாத் மாதக் கடைசி

தம்பிக்கு,

ஆசிகள். உன் கடிதத்தை அத்தான் இரண்டு தடவை படித்துவிட்டு எழுந்து முகம் கழுவப் போனார். வந்து ஒரே வார்த்தை சொன்னார்: "வரச் சொல்லு." இங்கே ஏற்கெனவே ஒரு பெரியவர் இருக்கிறார். பக்கத்து அறையைத் தயார் செய்கிறோம். சுவரை நானே பூசினேன், நகமெல்லாம் போய்விட்டது. ஜன்னல் வைக்கவில்லை, வெளியே ஆட்டுத் தொழுவம். எந்தப் பரங்கிக்காரன் வந்தாலும் ஆட்டைத்தான் வரைவான்.

அத்தான் சொல்வதைக் கவனமாகக் கேள். சுத்தமாக இருக்கிறவர்கள் தோளில்தான் வர வேண்டும், கழுதை முதுகில் கூடாது. மூச்சுப் படக் கூடாது, வாயைக் கட்ட வேண்டும். காய்ந்த விறகு வழி நெடுகக் கையில் இருக்க வேண்டும். கணவாயில் பனி இருந்தால் நிற்க வேண்டும். பெரியவருக்கு ஈரம் ஆகாது. சித்தப்பா கூடவே நடப்பேன் என்று அடம் பிடிப்பார், விட்டுவிடு. அவர் முழங்காலுக்கு எது நல்லது என்று அவருக்குத் தெரியும்.

இன்னொன்று. கிஷ்வருக்கு, லாலுக்கு, சித்தப்பாவுக்கு இடம் கேட்டிருக்கிறாய். நான் நாலு படுக்கை போட்டிருக்கிறேன். உனக்கு எண்ணத் தெரியவில்லையா, இல்லை எனக்கா?

பதில் எழுது.

கோஹர்


ஓர்மஸ்த் துணை

ஷரீபாபாத்
தீர் மாதக் கடைசி

தம்பி மர்ஸ்பானுக்கு,

பதில் இல்லை. இரண்டு தடவை வண்டிப் பாதைக்குப் போய் நின்றேன். வருகிற ஒவ்வொரு கழுதை மணிக்கும் வாசலுக்கு ஓடுகிறேன். அறை காய்ந்துவிட்டது, விறகு அடுக்கிவிட்டோம். யாரும் வரவில்லை.

இஸ்பந்தியார் நேற்று வந்தார். என்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல் மூட்டையை அவிழ்த்துக்கொண்டே இருந்தார். நான் விடவில்லை.

"என் தம்பியைப் பார்த்தீங்களா இல்லையா?"

"பார்த்தேம்மா."

"அடிச்சுக் கிடிச்சுப் போட்டாங்களா?"

"அடியெல்லாம் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கான். ரொம்ப நல்லாவே இருக்கான்." அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மிர்சா வீட்டு முன்வாசல் வழியா வந்தான். நீலத்துல ஒரு அங்கி, பாதம் வரைக்கும். பட்டு மாதிரி இருந்தது. நான் கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கலை."

சாயம் போடாத கம்பளி தவிர நம் ஜனத்துக்கு வேறு உடுப்பு கிடையாது. பட்டும் வண்ணமும் எப்போது கிடைக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். இடுப்பு நூலை அவிழ்த்துப் போட்டு அவர்கள் மதத்தில் சேர்ந்தவனுக்குத்தான் கிடைக்கும். காலையிலிருந்து மூன்று பேர் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்துவிட்டார்கள். நான் அவர்களை உட்காரச் சொல்லவில்லை.

இல்லை என்று ஒரு வரி எழுது. நீ எழுதினால் நம்புவேன். நீ பொய் சொல்ல மாட்டாய்.

உன் அக்கா


ஓர்மஸ்த் துணை

இஸ்பஹான்
அமோர்தாத் மாத நடு

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதங்கள் கிடைத்தன.

பெரியவர் நாளை கிளம்புகிறார். சித்தப்பாவோடு நம் ஆட்கள் ஆறு பேர், மாற்றி மாற்றித் தோள் கொடுப்பார்கள். கிஷ்வரும் லாலும் பின்னால் வருவார்கள். லாலுக்கு இரவில் கதவுப் பக்கம் படுக்கப் பயம். உள்பக்கமாகப் போடு.

நான் அவர்களோடு வரவில்லை. மிர்சாவோடு வேறு பாதையில் போகிறேன். ஒன்றும் கேட்காதே. நாலாவது படுக்கையைச் சுருட்டி வைத்துவிடு. தூசி படிந்தால் லாலுக்கு இருமல் வரும்.

அத்தானுக்கு என் வணக்கம்.

மர்ஸ்பான்


ஓர்மஸ்த் துணை

ஷரீபாபாத்
ஷஹ்ரிவர் மாத நடு

மர்ஸ்பானுக்கு,

எந்த ஊருக்கு எழுதுகிறேன் என்று தெரியாமல் எழுதுகிறேன். மிர்சா ரபீ, ஷிராஸ் என்று விலாசம் போட்டிருக்கிறேன். படிக்கிறவன் படிக்கட்டும்.

பெரியவர் வந்துவிட்டார். கணவாயில் இரண்டு நாள் பனி. சித்தப்பா தன் மேலங்கியைக் கழற்றி, பெரியவர் இருந்த கலத்துக்கு மேலே கூடாரமாகப் பிடித்துக்கொண்டு நின்றாராம். கை விறைத்துப் போய் வந்தார், விரலை நீட்ட முடியவில்லை. கலத்தைத் திறந்தபோது வெறும் சாம்பல்தான் தெரிந்தது. அத்தான் காய்ந்த குச்சி ஒன்றை மெல்ல வைத்தார். அடியில் ஒரு கண் சிவந்தது. சித்தப்பா அப்படியே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். நானும்தான்.

லால் உள்பக்கம் படுக்கிறாள். அப்பா எப்போது வருவார் என்று கேட்கிறாள். கிஷ்வர் ஒன்றும் கேட்பதில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. நீ அவளிடம்கூட எதுவும் சொல்லவில்லையாமே. புறப்படும்போது உன் பழைய கம்பளி அங்கியை அவள் கையில் கொடுத்து, இது இனி எனக்கு வேண்டாம் என்றாயாமே. அதற்கு என்ன அர்த்தம்? ஊர் ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டு பேசுகிறது. நான் கிணற்றடிக்குப் போனால் பேச்சு நிற்கிறது.

படுக்கையைச் சுருட்டவில்லை. தினமும் உதறிப் போடுகிறேன்.

நீ உயிரோடு இருக்கிறாயா? அதை மட்டுமாவது சொல்லு.

கோஹர்


ஓர்மஸ்த் துணை

நாற்பது தூண், மெர்வ்தஷ்த் சமவெளி
மெஹ்ர் மாதக் கடைசி

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன் கடிதம் ஷிராஸ் போய்த் திரும்பி வந்தது. இது நாலு கை மாறாது, நம்பகமான ஒரே கையில் வருகிறது, அதனால் எல்லாம் எழுதுகிறேன். அடியில் ஒரு கண் சிவந்தது என்ற வரியை எத்தனை தடவை படித்தேனோ.

இடுப்பு நூல் என் இடுப்பில்தான் இருக்கிறது. அதைக் கிஷ்வரிடம் முதலில் சொல்லு. பிறகு கிணற்றடியில் சொல்லு, சத்தமாகச் சொல்லு.

நடந்தது இதுதான். சிப்பாய் வரும் நாள் நெருங்கியது. கணவாயில் பனி, பெரியவர் கிளம்ப முடியவில்லை. நாள் கடத்த வேண்டும். மிர்சா மறுபடி படத்தை விரித்தார். நான் அந்தத் தூண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாற்பது தூணிலிருந்து வரைந்தவைதானே? என் வாய் தானாகத் திறந்தது.

"காட்டறேன் எசமான். இஸ்பஹான்ல இல்லீங்க. ஷிராஸ் பாதையில இருக்கு. நீங்க உத்தியோகத்துக்குப் போற வழிதான்."

அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை அக்கா. சத்தியம் வாங்கவில்லை. "கப்ர் சொன்னா சரிதான்" என்று துபாஷியிடம் சொன்னார். பேட்டைக்குச் சிப்பாய் வேண்டாம் என்று அங்கேயே உத்தரவு. நம் அப்பனும் பாட்டனும் ஆயுசு முழுக்க உண்மை பேசிச் சேர்த்த நம்பிக்கையை நான் ஒரே வாயில் செலவழித்துவிட்டேன். மறு நாளே தையல்காரன் வந்தான். படத்தில் பூசாரி போட்டிருக்கிற அங்கியைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று தைத்தான். மிர்சாவுக்குக் கோயிலும் வேண்டும், படத்தில் உள்ளபடி பூசாரியும் வேண்டும். அதைத்தான் இஸ்பந்தியார் பார்த்தார். எந்த முகத்தோடு நான் திரும்பிப் பார்ப்பது?

இங்கே வந்ததும் வெறும் இடிபாடு என்று தெரிந்துவிடும், என் தலை போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குள் பெரியவர் உன்னிடம் வந்து சேர்ந்துவிடுவார், பேட்டையைச் சோதித்தாலும் ஒன்றும் இருக்காது. அதனால்தான் என் பழைய கம்பளி அங்கியைக் கிஷ்வரிடம் கொடுத்தேன். சொன்னால் அவள் கிளம்பியிருக்க மாட்டாள்.

வந்து பார்த்தால் மனுஷன் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தூணுக்குத் தூண் ஓடுகிறார். "இந்தா இந்தச் சிறகு வச்ச மாடு, படத்துல இருக்கு! இந்தா இந்தப் படி, அப்படியே இருக்கு!" இருக்காதா பின்னே? குவிமாடம் எங்கே என்று என்னைக் கேட்கவே இல்லை. இடிந்திருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார். படத்தில் இருப்பது அங்கே இல்லையென்றால் அங்கேதான் ஏதோ குறை என்று அவருக்குத் தீர்மானம்.

ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நெருப்பு எங்கடா?"

"அணைஞ்சு போச்சு எசமான்" என்றேன்.

அக்கா, அதை நான் சொன்னேன். நம் பெரியவர் அணைந்துவிட்டார் என்று இந்த வாயால் சொன்னேன். சித்தப்பா கை விறைக்க நின்றது அதே நாளாக இருக்கலாம். சொன்னதும் படியில் உட்கார்ந்துவிட்டேன். நான் துக்கப்படுகிறேன் என்று நினைத்து மிர்சா தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

அவர் அங்கேயே தொழுதுவிட்டு, கப்ர்களின் பெரிய கோயிலைக் கண்டுபிடித்தேன், நெருப்பு செத்துக் கிடக்கிறது என்று ஷாவுக்கு எழுதினார். சபாஷ் என்று பதிலும் வந்துவிட்டது. பேட்டை பிழைத்தது.

மர்ஸ்பான்


ஓர்மஸ்த் துணை

ஷரீபாபாத்
ஆபான் மாத நடு

என் தங்கத் தம்பிக்கு,

அக்காவின் ஆயிரம் ஆசி. உன் கடிதத்தைக் கிணற்றடியில் நின்று நானே உரக்கப் படித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கிஷ்வர் உன் அங்கியை வெயிலில் போட்டிருக்கிறாள். சாயங்காலம் நான் உள்ளே எடுத்து வைக்கப் போனால், "நான் எடுத்துக்கறேன் அண்ணி, நீங்க விடுங்க" என்கிறாள்.

நீ படியில் உட்கார்ந்ததை எழுதியிருந்தாயே, அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உன்னை எனக்குத் தெரியும். இனி நான் பெரியவர் முன்னால் எப்படி நிற்பேன் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். நான் சொல்வதைக் கேள்.

பெரியவரை இங்கே அமர்த்திய அன்று அத்தான், "யார் வீட்டிலிருந்து வந்தார், யார் பேரைச் சொல்லி விறகு வைப்பது?" என்று கேட்டார். ஊரே நின்றுகொண்டிருந்தது. நீ பட்டு உடுத்தித் திரிகிறாய் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த நாள் அது. எனக்கும் நீ எங்கே, என்ன ஆனாய் என்று தெரியாது. ஆனாலும் நான்தான் முன்னால் போய் உன் பேரைச் சொன்னேன். அத்தான் விறகை வைத்தார். பெரியவர் வாங்கிக்கொண்டார். அணைந்துவிட்டார் என்று நீ சொன்னவர், உன் பேருக்கு வைத்த விறகில்தான் இங்கே எழுந்து நின்றார்.

பாவத்துக்குப் பரிகாரம் இருக்கிறது என்று அத்தான் சொல்கிறார். குளித்து, மன்னிப்பு மந்திரம் சொல்லி, வந்து நிற்கட்டும் என்கிறார். அவ்வளவுதான். வா. எதற்கு இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறாய்? மிர்சாவுக்குத்தான் வேண்டியது கிடைத்துவிட்டதே.

நாலாவது படுக்கை கதவுப் பக்கம் இருக்கிறது.

கோஹர்


ஓர்மஸ்த் துணை

நாற்பது தூண்
ஆஸர் மாதத் தொடக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இங்கே வெயில் ஏறிவிட்டது, தூண் நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கிஷ்வருக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன், அதை நீ படிக்காதே. படிப்பாய் என்று தெரியும்.

என் பேருக்குப் பெரியவர் விறகு வாங்கினார் என்று எழுதியிருந்தாய். இங்கே நம் ஜனம் யாரும் இல்லை, சொல்லி அழக்கூட ஆள் இல்லை. ஒரு கல் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

எனக்கு வர ஆசை இல்லை என்று நினைக்காதே. வர முடியாது. மிர்சா என்னை இங்கே வேலைக்கு வைத்திருக்கிறார். ஷிராஸ் வழியாகத் துறைமுகத்துக்குப் போகிற பரங்கிக்காரர்கள் எல்லோரும் இங்கே இறங்குகிறார்கள். பாதிப் பேர் கையில் அதே புத்தகம். நான் அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு, "இதுதான் எங்க கோயில், இங்கதான் நெருப்பு எரிஞ்சுது, அணைஞ்சு போச்சு" என்று சொல்ல வேண்டும். அவர்கள் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்கள். தூண் இருக்கிற இடத்தில் தூணைப் பார்த்து வரைகிறார்கள், இல்லாத இடத்தில் புத்தகத்தைப் பார்த்து வரைகிறார்கள். அதை ஊருக்குக் கொண்டுபோய் மறுபடி அச்சடிப்பார்கள். நான் ஒரு நாள் இங்கிருந்து ஓடினால், ஏன் ஓடினான் என்று மிர்சா யோசிப்பார். யோசிக்க ஆரம்பித்தால் பேட்டைக்கு வருவார், பேட்டையிலிருந்து உன் ஆட்டுத் தொழுவத்துக்கு வர எவ்வளவு நேரம்?

அத்தானிடம் சொல்லு. குளிப்பேன், மந்திரம் சொல்வேன். ஆனால் நாளைக் காலையில் அதே பொய்யைச் சொல்லப் போகிறவன் இன்று குளித்து என்ன? இந்த வேலை என்றைக்கு முடிகிறதோ அன்றைக்குக் குளித்துவிட்டு நேரே அங்கே வந்து நிற்கிறேன். படுக்கையைச் சுருட்டச் சொன்னேனே, சுருட்ட வேண்டாம்.

போன வாரம் ஒருவன் என்னையே வரைந்தான். அசையாமல் நில் என்றான். தாடி போதாது என்று இன்னும் ஒரு முழம் சேர்த்தான். கையில் ஒரு தீச்சட்டியை வைத்தான், மூச்சைக் கட்டத் துணிகூட இல்லாமல். தலைக்குப் பின்னால் அந்த மூஞ்சி வைத்த சூரியன். அதுவும் ஒரு நாள் புத்தகமாகி, எந்த ஒல்லாந்தன் கையிலாவது உன் ஊருக்கு வந்து சேரும். யாராவது உன் முன்னால் விரித்து, இது உன் தம்பிதானே என்று கேட்பார்கள்.

அக்கா, நீ எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம். லாலையும் கூட்டி வந்து பக்கத்தில் நிறுத்திக்கொள். படத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு, இப்படி இல்லை என்று சொல்லு.

உன் தம்பி,
மர்ஸ்பான்